ஐஸ் அறையில் ஐப்பசி

கொட்பே ஐஸ் ஆலையில்
கட்டிகளின் கணக்கு என்னுடையது.
இரவு இயந்திரம் லாபிருடையது.
கட்டாரில் ஆறு வருடம் தண்ணீர் பவுசர் ஓட்டிவிட்டுக்
கிண்ணியா திரும்பியவன்
ஒரு காலுறையை அவிழ்த்து மேசையில் கொட்டினான்.
பதினொரு கிழங்கு.
சின்ன வெங்காயம் என்றுதான் நினைத்தேன்.

அறைத்தோழன் பெஹ்ரூஸ், காயென் ஊரான்,
கொடுத்தனுப்பியதாம். குங்குமப்பூ.
“இதுக்கு விதையே இல்லக்கா” என்றான்.
பூக்கும், வாடும், அவ்வளவுதான்.
தேனீ வந்து போனாலும் வீண்.
கிழங்கைத் தோண்டிப் பிரித்து
யாராவது ஒருவர் அடுத்த குழியில் வைக்க வேண்டும்.
மூவாயிரம் வருடமாக
யாராவது ஒருவர் வைத்திருக்கிறார்.
நார் சந்தைக்குப் போனது, அரண்மனைக்குப் போனது.
கிழங்கு போனதெல்லாம்
யாரோ ஒருவரின் மடியில்.

அன்றிரவு பழைய அகராதியைப் புரட்டினேன்.
துருக்கம்: குங்கும மரம்.
மரமாம்.
நாரை மட்டும் கண்டவன்,
பொன் நிறுத்து அதை வாங்கியவன்,
இந்த விலைக்கு ஒரு மரமாவது நிற்கும் என்று
நம்பியிருக்கிறான், பாவம்.

குளிர் அறைக்குள் வைத்தால் கருகிவிடும்.
வெளியே வைத்தால் திருகோணமலை.
இரண்டுக்கும் நடுவே
கதவு ரப்பர் கிழிந்து குளிர் கசிகிற இடுக்கில்
பதினேழு பாகை காட்டியது மானி.
அங்கே மீன் தட்டொன்றில் அடுக்கினான்,
மண்கூட இல்லாமல்.
அந்த ரப்பரை மாற்றித் தரச் சொல்லி
மூன்று கடிதம் எழுதியவள் நான்.
நாலாவதை எழுதவில்லை.

இரண்டை எலி கொண்டுபோனது.
ஐந்தில் பூஞ்சணம்.
கரண்ட் போன இரவுகளில்
தட்டைச் சுற்றி உடைந்த ஐஸ் வைத்து
ஈரச் சாக்கால் விசிறிக்கொண்டிருந்தானாம்.
வள்ளக்காரர் சிரித்தார்கள்:
“சூரைக்கு அத்தர் பூசப் போறானாம் லாபிர்.”

வாடைக்காற்று எழும்பி
ஒரு வள்ளமும் இறங்காத விடியலில் போன் வந்தது.
“கெதியா வாங்கக்கா, விடிஞ்சா வாடிரும்.”
மழைக்கோட்டோடு போய்ப் பார்த்தேன்.
நாலில் மூன்று
புல் போல இலைமட்டும் விட்டிருந்தன.
ஒன்று பூத்திருந்தது.
கத்தரிப்பூவைவிட ஒரு சொட்டு வெளிறிய ஊதா.
இதழுக்கு வெளியே வழிந்து தொங்கும்
மூன்று சிவப்பு நாக்கு.

அவன் விரல் தடிப்பு, ஸ்பேனர் பிடித்த விரல்.
நான் நகத்தால் கிள்ளினேன்.
இறால் நிறுக்கும் தராசில் வைத்தோம்.
பூச்சியம்.
பச்சை எழுத்து அசையவேயில்லை.
ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம் பூ வேண்டும் என்றான்.
மீதி எத்தனை என்று கேட்டேன், கணக்குக்காரி அல்லவா.
இருவரும் சுவரில் சாய்ந்து சிரித்தோம்.

கம்ப்ரெசர் சூட்டில் காயவைத்தபோது
வாசனை வந்தது,
வைக்கோலும் தேனும்
எங்கோ ஒரு மருந்துக் கடையும் கலந்தது போல.
மீன்வாடை ஒரு நிமிடம் ஒதுங்கி வழிவிட்டது.
அவன் மனைவி பஸ்மியாவுக்கு எட்டு மாதம்.
பிள்ளை சிவப்பாய்ப் பிறக்க
பாலில் போடச் சொல்லி மாமியார் காத்திருக்கிறாராம்.
“எண்ட நிறத்துக்கு என்ன குறை?”
என்றவன் நாரைத் தேநீர்க் கோப்பை நீரில் போட்டான்.

சாயம் பூசியது என்றால் உடனே சிவப்பைக் கக்கிவிடும்.
இது அவசரப்படவில்லை.
மஞ்சள் ஒரு நூலாய் இறங்கியது,
பிறகு இன்னொரு நூல்.
நார் சிவப்பாகவே கிடந்தது.
ஆளுக்குப் பாதி குடித்தோம். லேசான கசப்பு.

ஐஸ் விற்பனை அன்று இல்லை.
பேரேட்டில் கட்டி: 0 என்று எழுதிவிட்டு
குறிப்புக் கட்டத்தில்
துருக்கம், 1 என்றும் எழுதினேன்.
கணக்காய்வாளர் கேட்டால்
மரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.