குத்தவைத்த எலும்பு

எங்கள் ஊர்க் குருசடியின் அடியில்
ஒரு மண்டையோடு,
அதன் கீழே குறுக்காக இரண்டு தொடை எலும்பு.
சுண்ணாம்பில் செய்து நீலம் அடித்திருக்கிறார்கள்.
இரண்டும் இடது தொடை.
மெழுகுதிரி கொளுத்த வருகிற யாரும்
இதைக் கவனித்ததில்லை.
எனக்கு அது வேலை.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி,
உடற்கூறியல் துறை,
பதவி: ஓவியர்.
கோயிலுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது.
தூணில் நின்ற பேய்மகளுக்கு
ஒரு பக்கம் மட்டும் பதினாறு விலா.
எண்ணிவிட்டுச் சிரித்தேன்.
போற்றி முறைத்தார்.

போன ஆடியில்
நெய்யூர்ப் பக்கம் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது
தகரப் பெட்டியில் கிடைத்ததென்று
ஒரு சுருளைக் கொண்டுவந்து போட்டார்கள்.
ஏழு தாள். கறையான் தின்றது போக ஆறரை.
மூலையில், கடுகெழுத்தில்:
ஞானாபரணம் எழுதியது, கொல்லம் 1043.
வரைந்தது என்று இல்லை,
எழுதியது.

சீமைப் புத்தகத்தைப் பார்த்து
எழுதச் சொல்லியிருப்பார்கள்.
அந்த எலும்புக்கூட்டை எனக்கும் தெரியும்.
மண்வெட்டியில் சாய்ந்து நிற்கும்.
பின்னால் ஏதோ ஒரு குன்று, இடிந்த வளைவு.
முகம் மட்டும் வானத்தைப் பார்த்து அழும்.

ஞானாபரணம் குன்றை எடுத்துவிட்டு
மருந்துவாழ் மலையை வைத்திருக்கிறான்.
வளைவு நின்ற இடத்தில் ஒரு விளை, ஆறு பனை.
மண்வெட்டி போய்
முருக்குத்தடி வந்திருக்கிறது.
மேலே பார்ப்பது மட்டும் அப்படியே,
பாளை சீவ நேரமாயிற்றா என்று.

ஐந்தாம் தாள் கால்.
கணைக்கால் எலும்பின் கீழ்விளிம்பில்,
முன்பக்கம்,
நகம் பதிந்த அளவுக்கு ஒரு வழவழப்பான பள்ளம்.
புத்தகத்தில் அது கிடையாது.
பக்கத்தில் வேறொரு கை,
சிவப்புப் பென்சில்,
இங்கிலீஷில் ஒரே சொல்: பிழை.
அடியில் இரண்டு கோடு.

குருசுமிக்கேல் அண்ணனிடம் சாவி வாங்கி
எலும்பறையைத் திறந்தேன்.
கேட்க ஆளில்லாதவர்கள்,
வடசேரி பஸ் நிலையத்திலும்
தண்டவாளத்து ஓரத்திலும் கிடந்தவர்கள்,
அரிசிச் சாக்கில் ரகம் பிரித்துக் கட்டியிருந்தார்கள்.
முப்பத்தொரு கணைக்காலை
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
இருபத்தாறில்
அந்தப் பள்ளம்.

குத்தவைத்த எலும்பு.
அண்டி ஆபீசில் நாள் முழுக்கக் கொட்டை உடைத்தது,
சாளையைக் கூறு வைத்தது,
விளைக்குள் ஒதுங்கியது,
ஆஸ்பத்திரி வராந்தாவில்
உள்ளே போனவருக்காகக் காத்திருந்தது.
நாற்காலியில் வளர்ந்த காலுக்கு
இது வராது.

அப்படியானால் ஞானாபரணம்
புத்தகத்தை மூடிவிட்டிருக்கிறான்.
முன்னால் யாரோ கிடந்திருக்கிறார்கள்.
யாரென்று தாளில் இல்லை.
வலது காறை எலும்பு உடைந்து
கோணலாகக் கூடிய முடிச்சையும் விடாமல் எழுதியிருக்கிறான்.
அதைப் பென்சில்காரர் பார்க்கவில்லை,
அல்லது
பென்சில் தீர்ந்திருக்கும்.

ஐப்பசியில் துறைத்தலைவர்
புதுச் சுவர்ப்படம் கேட்டார்.
ஆறடி, துணியில்,
பாடப்புத்தகத்தில் உள்ளபடி.
கொண்டுபோய் விரித்தேன்.
கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, குனிந்து
"கணுக்கிட்ட என்னம்மா, மை சிந்திட்டா?" என்றார்.
எழுதினதுதான் சார் என்றேன்.
இரண்டு நாள் மேசையில் கிடந்தது.
மூன்றாம் நாள் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை
குருசடியில் திரி கொளுத்தப் போனேன்.
உப்புக்காற்றில் நீலம் உதிர்ந்து
சுண்ணாம்பு தெரிந்தது.
குத்தவைத்து உட்கார்ந்து
மறுபடியும் பார்த்தேன்.
இரண்டும் இடது.
இத்தனை வருடம்
செய்தவனுக்கு விவரம் போதாது என்றே
நினைத்திருக்கிறேன்.

இரண்டு பேராகவும்
இருக்கலாம்.