விட்ட புள்ளி

கொண்டாவில் வீட்டில் மணி இல்லை.
பிறஷர் குக்கர் மூன்று தரம் கத்தினால்
பாடம் தொடங்கும்.
மாணவர் தொகை ஒன்று: நிதுஷன், வயது பதினொன்று.
ஆறாம் வகுப்பு இரண்டாம் தவணையோடு
சப்பாத்துப் போடுவதை நிறுத்தியவன்.
சோதனைக்கு முதல்நாள் இரவுகளில்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவன்.
ஸ்கான் எடுத்த டொக்டர்
"வயித்தில ஒண்டுமில்லை" என்றார்,
வேறெங்கோ இருக்கிறது என்பதுபோல.

நான் சம்பளமற்ற லீவில்.
அவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன்:
இந்த மேசையில் புள்ளி கிடையாது.

அதில் எனக்கும் லாபம் இருந்தது.
எட்டு வருசம் விடைத்தாள் திருத்தப் போனவள் நான்.
மண்டபம், வாங்கு, பிளேன்ரீ,
ஒரு கட்டுரைக்கு மூன்று நிமிடம்.
முன்னுரைக்கு இரண்டு, பழமொழிக்கு ஒன்று,
முடிவுரை இல்லாவிட்டால் கழி.
நண்பனுக்குக் கடிதம் எழுதச் சொன்ன இடத்தில்
ஒருமுறை ஒரு பிள்ளை
"மச்சான், நீ போன பிறகு உன்ர சைக்கிளை
நான்தான் துடைக்கிறன்" என்று தொடங்கியிருந்தது.
முகவரி இல்லை. திகதி இல்லை.
நாலு போட்டேன்.
மேற்பார்த்தவர் மூன்றாக்கினார்.
சுட்டெண் மறந்துவிட்டது.
சைக்கிள் மறக்கவில்லை.

ஐப்பசியில் "மழை நாள்" என்று தலைப்புக் கொடுத்தேன்.
நிதுஷன் எழுதியது இவ்வளவுதான்:

மழை பெயதது.
பக்கத்து வீட்டு நாய் எஙகள் குளியலறைக்குள்
வநது நின்றது.
அதற்கு வெட்கம்.
நான் பாரக்காத மாதிரி நினறேன.

பழைய கை உள்ளே கணக்குப் போட்டது:
முன்னுரை இல்லை, பழமொழி இல்லை,
இருபதுக்கு ஐந்து.
அந்தக் கையைத் துவாயில் துடைத்துவிட்டு
"நல்லாயிருக்கு" என்றேன்.

"எத்தினை புள்ளி?"

"புள்ளி இல்லை எண்டு சொன்னனான் எல்லோ."

"நல்லாயிருக்கு எண்டு நீங்கள்
கத்தரிக்காய்க் கறிக்கும் சொல்லுவியள்.
புள்ளி போடாட்டி
வாசிக்கேல்லை எண்டுதானே அர்த்தம்."

எண்ணுக்குப் பயந்து வந்த பிள்ளை என்று
ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

பென்சிலை எடுத்தேன்.
ய தலையில் ஒன்று. ங தலையில் ஒன்று.
ந, ர.
கடைசிச் சொல்லில் இரண்டு.
"ஆறு புள்ளி."

"எத்தினைக்கு?"

"நீ விட்டது ஆறு. நான் போட்டது ஆறு."

அவன் சிரிக்கவில்லை.
கொப்பியை வாங்கி
ஒவ்வொன்றாய் விரலால் தொட்டு எண்ணினான்.
கடையில் மிச்சக்காசு எண்ணுவதுபோல.

புதன்கிழமை
கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார்.
ஹெல்மெற்றோடே கதிரையில் இருந்தார்.
முன்னேற்ற அறிக்கை கேட்டார்.
கொப்பியை நீட்டினேன்.
மழை நாளை வாசித்தார்.
ஹெல்மெற்றைக் கழற்றினார். இன்னொருதரம் வாசித்தார்.
"எங்கட வீட்டிலயும் ஒரு நாய் நிண்டது" என்றார்.
பிறகு, கடன் கேட்கிற குரலில்,
"படிவத்தில ஒரு எண் வேணும் ரீச்சர்."
வெறுங்கட்டத்தை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
என்ன எழுதினேன் என்று இங்கே சொல்லமாட்டேன்.

வியாழன், குக்கர் கத்த முன்னமே
மேசையில் ஒரு முழுப்பக்கம்.
ஒரு புள்ளிகூட இல்லை.
எழுதியபடியே உரக்க வாசித்தேன்:
"ஹெலமெற போடட மனிசன..."
மெய்யெல்லாம் உயிர் வந்து
சொல்லுக்குச் சொல் நொண்டி நீண்டது.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான்,
சிரிப்பில்.
பிறகு பென்சிலைப் பறித்து
தானே போட்டான், நாக்கைக் கடித்தபடி,
அரிசிக்குக் கல் பொறுக்குகிற கவனத்தோடு.

"அறுபத்திமூண்டு.
ஒண்டு விட்டிருக்கிறன், வேணுமெண்டு.
கண்டுபிடியுங்கோ."

இரவு பத்தரை.
நாலாம் தரம் வாசிக்கிறேன்.
மூன்றாம் வரியில் அந்த மனிசனின் மீசை
மழையில் நனைந்த தூரிகை என்று இருக்கிறது.
காலையில் அதை நான் காணவில்லை.
புள்ளி இன்னும் அகப்படவில்லை.
தண்ணி குடிக்க வந்த சாட்டில்
அவன் கதவடியில் நின்று
பார்த்துவிட்டுப் போகிறான்.