பத்தொன்பதாவது மாடி

மூன்று நாள் வேலை. நாளுக்கு இருநூற்றைம்பது வெள்ளி,
மதியச் சாப்பாடு உண்டு, சிரிப்பு கட்டாயம்.
டூத்தாமாஸ் பக்கம் ஆயுதக் கண்காட்சி.
ஹெல்கே சொல்வதை மலாயில் சொல்ல வேண்டும்.
மலாயில் சொன்னேன்.
தமிழில்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதலில் கருமருந்து என்றார் ஹெல்கே.
சுட்டவனையே மறைத்துவிடும் புகை.
பிறகு புகையில்லா மருந்து வந்தது.
அந்த வேகம் தாங்காமல் ஈயம் குழலுக்குள் இழுகிப் படிந்தது,
செம்பில் சட்டை போட்டார்கள்.
மொண்ணை மூக்கைச் சீவினார்கள்,
வாலைப் படகின் பின்புறம்போல் ஒடுக்கினார்கள்.
மருந்து கூடக் கூட உறைக்கு வயிறு பெருத்தது,
கழுத்து சிறுத்தது.
இப்போது ஈயமே இல்லை. முழுச் செம்பு, கடைசலில் கடைந்தது.
ஒன்றை என் கையில் வைத்தார்.
நடுவிரலைவிட நீளம்.
குளிரூட்டியில் கிடந்த சில்லிப்பு.

குழல் எத்தனை நாள் உழைக்கும் என்று
ஒரு கர்னல் கேட்டார்.
ஆயிரத்தைந்நூறு வெடி, என்றார் ஹெல்கே.
ஒவ்வொரு முறையும் தோட்டா உள்ளே இருப்பது
நொடியை ஆயிரமாக்கி அதில் ஒன்றரைப் பங்கு.
பெருக்கிப் பார்த்தேன்.
மொத்த ஆயுள் இரண்டேகால் நொடி.
அதற்குள் தொண்டை வெந்துபோகிறது.
இதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரம். கூடாரத்தில் நான் மட்டும்.
கண்ணாடிச் சுவரைப் பார்த்து
முக்காலியில் தொலைநோக்கி.
குனிந்தேன்.
செகாம்புட். எங்கள் பிளாட்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது மீட்டர், என்றது சிவப்பு எண்.

ஏழாவது மாடியில் குணாளன்.
இரவெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்தவர்
கைலியோடு நின்று சட்டையைக் காயப்போடுகிறார்.
என் மோட்டாரை நகர்த்திவிட்டுத் தன் காரைச் செருகும்
அதே குணாளன்.
‘நீயெல்லாம் வெளங்கவே மாட்டே’ என்று
காலையில்தான் கத்திவிட்டு வந்தேன்.
கட்டைவிரலில் பிளாஸ்திரி தெரிகிறது.
கிளிப் ஒன்றைப் பல்லில் கடித்திருக்கிறார்.

மேசையில் கிடந்த அட்டையைப் புரட்டினேன்.
இத்தனை தூரத்துக்குள் தோட்டா
பன்னிரண்டு மாடி இறங்கிவிடுமாம்.
அப்படியானால் ஏழுக்குப் பத்தொன்பதைக் குறி பார்க்க வேண்டும்.
எங்கள் கட்டடத்துக்குப் பதினேழே மாடி.
மீதி இரண்டும் வெறும் வானம்,
தண்ணீர்த் தொட்டிக்கு மேலே
ஒரு மைனாகூட உட்கார முடியாத இடம்.
அங்கே குறி வைத்தால்
இங்கே இவர் விழுவார்.
மூன்று நொடி சொச்சம்.
வாயிலிருந்து கிளிப்பை எடுத்துக் கம்பியில் மாட்டுகிற நேரம்.
சத்தம் வந்து சேர ஐந்து நொடிக்கு மேல்.
கேட்பதற்குச் சட்டை இருக்கும்.

கணக்குத்தான் போட்டேன்.
வேறொன்றுமில்லை.
ஹெல்கே நாசி லெமாக் பொட்டலத்தோடு திரும்பி வந்து
‘எவ்வளவு தெளிவு, பார்த்தாயா?’ என்றார்.
பார்த்தேன் என்றேன்.
சம்பல் ஒழுகியது. டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம்
நான் லிஃப்டுக்குள், மேலே போக.
குணாளன் வெளியே, இரண்டு கையிலும் பை.
அதே சட்டை, இஸ்திரி போட்டு.
மேலிருந்து மூன்றாவது பட்டன் வேறு நிறம்
என்பது எனக்கு முன்பே தெரியும்.
‘என்னா அப்படிப் பாக்குற?’ என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால்
ஜாலான் டூத்தா மேல் மின்னல் வெட்டியது.
பதில் சொல்லாமல் எண்ணத் தொடங்கினேன்,
ஒன்று, இரண்டு, தமிழில்.
நாலில் கதவு மூட வந்தது.
கையை நீட்டித் தடுத்தேன்.