டிசம்பரில் நாலரை மணி

உரிமத்தாளில் அப்படித்தான் இருக்கிறது:
பொழுது சாய்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்.
பகலில் ஆயிரம் வாட்.
இரவில் நாற்பத்தொன்று.
படிக்கிற மேசையில் எரியும் விளக்குக்கு
அவ்வளவு போதும்.

இருட்டினால் எங்கள் அலை
வானத்தில் முட்டித் திரும்பி
டெக்சாஸில் யாரோ பெரியவர்கள்
செய்தி வாசிக்கும் வாயில் போய் விழுமாம்.
அதனால் டிசம்பரில் நாலரை மணிக்கு,
பாட்டு எந்த வரியில் இருந்தாலும் சரி,
குமிழைத் திருப்புகிறேன்.

டன்னிங் ஃப்ளாட்ஸ், நெப்ராஸ்கா.
தானியக் கிடங்குக்கும் மாட்டுச் சந்தைக்கும் நடுவில்
ஒரு தகரக் கட்டடம், ஒரு கோபுரம்,
கோபுர வேலியில் முதுகு சொறிந்துகொள்ளும்
வெண்டல் ஹ்ரூஸ்காவின் மாடுகள்.
அவை நன்றாகச் சாய்ந்தால்
பாட்டில் ஒரு கரகரப்பு ஏறும்.
நேயர்கள் அதைப் பாடகரின் தொண்டை என்று நினைக்கிறார்கள்.
நான் திருத்துவதில்லை.

காலையில் சோள விலை. பிறகு இறந்தவர்கள்.
பிறகு வாங்க விற்க:
பூட்ஸ் ஒரு ஜோடி, பதினோராம் அளவு,
தேவாலயத்துக்கு மட்டும் போட்டது.
டிராக்டர் இருக்கை;
டிராக்டரும் வேண்டுமென்றால் நேரில் பேசலாம்.
நேற்று ஒருவர் வாங்கிப்போன குளிர்பெட்டியை
இன்று அவரே விற்கிறார்,
ஐந்து டாலர் குறைத்து,
காரணம் சொல்லாமல்.

மற்ற நேரமெல்லாம் பழைய பாட்டு.
ஸ்டீல் கிட்டார் வழுக்கி வழுக்கி அழும்.
இந்தப் பாட்டுகளில் எது நடந்தாலும்
மூன்றாம் சரணத்தில்தான் நடக்கும்.
முதலாவதில் பார்ப்பார்கள்.
இரண்டாவதில் அவன் குடிப்பான்.
மூன்றாவதில் ஒரு கடிதம் வரும்,
அல்லது ஒரு கல்லறை,
அல்லது வாசலில் விளக்கை அணைக்காமல் நிற்கும் ஒரு டிரக்.

வடக்கே முப்பத்தெட்டு மைல்,
மணல் மேடுகளுக்குள் ஆர்ஃபா க்ரெய்லிங்.
அந்த நேரத்தில்தான் அவள்
தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டி வெட்டுகிறாள்,
பிக்கப்பின் கதவைத் திறந்துவைத்து,
ரேடியோவை உச்சத்தில் வைத்து.
நான் குமிழைத் திருப்பினால்
அவள் வண்டியில் வெறும் இரைச்சல்.

பதினொரு குளிர்காலமாகத் திட்டுகிறாள்.
"இன்றைக்கும் மூன்றாவதைத் தின்றுவிட்டாய்."
வணக்கம் கிடையாது. பெயர் சொல்வதும் கிடையாது.
கோடாலியைக் கீழே வைக்கும் சத்தம் மட்டும்.

போன வாரம் எனக்கு மனசு கேட்கவில்லை.
"முடிவைச் சொல்லட்டுமா?" என்றேன்.
இசைத்தட்டு கையில்தான் இருந்தது.
தொலைபேசியில் காற்று வீசியது,
ஒரு மாடு கத்தியது.

"வேண்டாம்.
செவ்வாய்க்கிழமை ஒருத்தன் சிறையில் இருந்தானே,
அவனை நான் வெளியே விட்டுவிட்டேன்.
மார்ச்சில் மாடுகள் கன்று போடும்.
எனக்கு ஆள் வேண்டும்."

வைத்துவிட்டாள்.

அந்தப் பாட்டில் அவனைத் தூக்கிலிடுகிறார்கள்.
விடிகாலையில். அம்மா மழையில் நிற்கிறாள்.
ஆயிரம் தடவை போட்டிருக்கிறேன்.
இப்போது அந்த இடம் வந்தால்
அவனுக்குக் கையுறை இருக்கிறதா என்றுதான் தோன்றுகிறது.

ஜூனில் எட்டரை வரை வெளிச்சம்.
முழுப் பாட்டும் அவள் வீடு வரைக்கும் போகிறது.
ஜூனில் அவள் கூப்பிடுவதேயில்லை.
இரண்டாம் சரணத்தோடு
ரேடியோவை அணைத்துவிடுகிறாளோ என்னவோ.
நான் கேட்டதில்லை.

இன்றைக்கு நாலு இருபத்தொன்பது.
பேருந்து நிலையத்தில் ஒருத்தி
பெட்டியோடு நிற்கிறாள்,
டிக்கெட் வாங்கியாகிவிட்டது,
இரண்டாம் சரணத்தின் கடைசி வரி.
வேலியை விட்டு மாடுகள் நகர்கின்றன.
கரகரப்பு நின்று
குரல் தெளிவாகிறது.

குமிழில் கை வைக்கிறேன்.