கழற்றவா, ஒட்டவா

பஞ்சிகாவத்தையில் றிஸ்மி சொன்னான்:
"இதைக் கழற்றிப்போட்டுப் புதுசு பூட்டினா
அறுபத்தையாயிரம். தமிழும் பேசும்.
இல்லாட்டி ஆயிரத்து எண்ணூறு,
கண்ணாடியில ஒட்டி போனை மாட்டிக்கங்க."

இது என்பது
யப்பானிலிருந்து காரோடு வந்த பெட்டி.
மரீன் டிரைவில் நான் ஊரும்போது
அதன் அம்புக்குறி
ஏதோ ஒரு வயலைக் குறுக்கே அறுத்துப் போகும்.

சாவி திருப்பினால் ஒரு பெண் பேசுவாள்.
வணக்கம் என்றே எட்டு மாதம் நினைத்திருந்தேன்.
"கார்ட் போடவில்லை" என்கிறாளாம்.
றிஸ்மிக்கு ஒசாக்காவில் ஒரு மச்சான்.

ஒட்டினேன்.
பம்பலப்பிட்டி வெயிலில் றப்பர் இளகி
போன் மடியில் விழுந்தது.
விழுந்து கிடந்தபடியே
இடப்பக்கம் திரும்பவும் என்றது.
திரும்பினேன்.
ஒருவழிப் பாதை, எதிரே பஸ்,
அதற்குப் பின்னால் பொலிஸ்காரர்.

தண்டக் கடதாசியை மடித்து வைத்துக்கொண்டு
ஹம்டன் லேனில் நிறுத்துகிறேன்.
பெட்டியின் மூலையில் ஒரு சின்ன வீட்டுப்படம்,
முந்தி ஓட்டிய யாரோ குறித்தது.
இன்றைக்கும் நானூற்றுப் பன்னிரண்டு மீற்றர்
தள்ளியிருக்கிறது.

அழிக்கும் பொத்தான் எதுவென்று
வாசிக்கத் தெரியாது எனக்கு.
றிஸ்மியிடம் கேட்கவுமில்லை.