பதினேழாவது கேள்வி

உண்ணிக்கு என்ன செய்கிறீர்கள் என்று
அட்டையில் தாள் சொருகி வந்தவள் கேட்டாள்.
அஞ்செட்டி ரோட்டோரம், பால் ஊற்றுகிற இடம்,
காலை ஆறரை. கேன் மூடி இன்னும் திறக்கவில்லை.

கெம்பம்மா முந்திக்கொண்டாள்:
சீத்தாக்கொட்டையை அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்து
வாலடி, மடிச்சந்து, காது விளிம்பு.
கண்ணில் பட்டால் போச்சு, அதையும் எழுதிக்கோ.
நல்ல பலனா, சுமாரான பலனா?
மாட்டைக் கேள் என்றாள். சிரித்தோம்.

ருத்ரப்பா புகையிலைத் தண்ணீர்க்காரர்.
போன கோடையில் கரைசல் கடுத்துப்போய்
கிடாரி நுரைதள்ளிச் சாய்ந்ததை
அவர் சொல்லவில்லை.
நாங்களும் சொல்லவில்லை.
ஐந்துக்கு நாலு என்று போட்டுக்கொண்டாள்.

நான் கையால் பிடுங்குகிறவள்.
மத்தியானம் அது படுத்து அசைபோடும்போது
கொட்டாங்குச்சியில் சீமெண்ணெய்
(இப்போது அது ஏது, டீசல்தான்)
ஒவ்வொன்றாய்ப் போட்டால்
கொட்டமுத்து மாதிரி கிடக்கும்.
ஒருநாள் நூற்றுப் பன்னிரண்டு.
எண்ணியது என் மகன், கணக்கில் பெயிலானவன்.

மறுநாள் காட்டுக்குப் போய்
உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்து
வட்டியும் முதலுமாய் ஏற்றிக்கொண்டு வரும்.
செடிக்கும் அந்தப் பெயர்,
முதுகில் ஏறிச் சவாரி போகிற கொக்குக்கும் அந்தப் பெயர்.
எது எதை உண்ணுகிறது என்று
பெயர் வைத்தவனுக்காவது தெரிந்திருக்கும்.

பதினேழாவது கேள்வி:
பாரம்பரிய முறையை ஏன் விரும்புகிறீர்கள்?
நம்பிக்கை. பழக்கம். முன்னோர் வழி.
மூன்று கட்டம்.

ஊசி போட்டால் உதிர்கிறது அம்மா,
என் கண்ணாலேயே பார்த்தேன்,
கூட்டினால் முறத்தில் அள்ளலாம்.
ஊசி போட்ட பாலைத்தான்
நான் சொல்கிறவரை ஊற்றாதே என்கிறார் டாக்டர்.
வேளைக்கு ஆறு லிட்டர்.
குழுக்கடன் தவணை செவ்வாய்க்கிழமை.
ஊற்றாவிட்டால் தவணை நிற்கும்.
ஊற்றினால்

நாலாவது கட்டம் இருக்கிறதா உன்னிடம்?

பேனா தாள்மேல் நின்றது.
யாரோ இருமினார்கள்.
கேன் மூடியைத் திறந்துவிட்டார்கள், வரிசை நகர்ந்தது.
ருத்ரப்பா தன் தூக்கைக்
கொஞ்சம் பின்னால் மறைத்த மாதிரி இருந்தது.
இல்லை, நான்
என் தூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நுரை
வெள்ளையாகத்தான் இருந்தது.