ஆயிரம் ஜோடி

யெஷிமெபெத் என்றால்
ஆயிரம் பேருக்கு எசமானி.
அப்பா ஆசையாய் வைத்த பெயர்.
ஆயிரம் ஜோடிக்கு என்று
நான் திருத்திக்கொண்டேன்.

லாலிபெலாவுக்கு வருகிறவர்கள்
கோயிலை அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள்.
இங்கே குனிய வேண்டும்.
பாறைக்குள் இறங்கிக் கிடக்கிறது கோயில்,
கூரையில் தொடங்கி
தரையில் முடித்த கட்டடம்.
கட்டடம் என்பதும் தப்பு.
ஒரு கல்லின்மேல் இன்னொரு கல்லை
யாரும் வைக்கவில்லை.
வேண்டாததை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

வழிகாட்டி பெலாச்சோ
நாளைக்கு நாலு தடவை சொல்வான்:
பகலில் மனிதர் குடைந்தது ஒரு முழம்,
இரவில் தேவதூதர் குடைந்தது மூன்று.
கேட்கிறவர்கள் தலையாட்டியபடி
கயிற்றை அவிழ்ப்பார்கள்.
வெட்டிய கல்லை எங்கே கொட்டினார்கள்
என்று கேட்டவர் ஒரே ஒருத்தர்,
மிலானில் செருப்பு தைக்கிறவராம்.
பெலாச்சோ அன்று மட்டும் இருமினான்.

முகம் எனக்கு மனசில் நிற்காது.
அடித்தோல் நிற்கும்.
யார் குதிகாலில் நடப்பவர்,
யார் வலது முட்டியைப் பொத்திப் பொத்தி
இவ்வளவு தூரம் வந்தவர்,
கவிழ்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.
கம்பளத்தில் தெள்ளுப்பூச்சி இருக்கிறது,
காலுறையைக் கழற்றாதீர்கள்:
எட்டு பாஷையில் எனக்குத் தெரிந்த
வாக்கியம் இதுதான்.

கென்னாப் பண்டிகைக்கு
மலையெல்லாம் வெள்ளைப் போர்வை.
அன்று என் தொழில் படுத்துவிடும்.
மூன்று வாரம் நடந்தே வந்தவர்களிடம்
கழற்ற என்ன இருக்கிறது?

கியோர்கிஸ் கோயிலின் பள்ளத்தில்
புனிதரின் குதிரைக் குளம்புத் தடம் காட்டுவார்கள்.
லாடத்தைக் கழற்றாமல் வந்ததற்கு
அதுவே சாட்சி.
பக்கத்துச் சுவர்ப் பொந்தில்
வந்த இடத்திலேயே கண்மூடிய யாத்ரிகர்கள்.
காய்ந்த பாதம் ஒன்று
வெளிச்சத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும்.
அதைக் கடக்கும்போதெல்லாம்
கை தானாக எதையோ தேடும்,
கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவள் போல.

பிறகு கொள்ளைநோய்.
அது முடியுமுன் துப்பாக்கி.

கடைசி விமானத்துக்கு முந்தின நாள்
பச்சைக் கயிறு கோத்த பூட்ஸ் ஒரு ஜோடி.
அந்தப் பெண்மணி
பெத்லெகேமுக்குப் போகும் இருட்டுச் சுரங்கத்தில்
சுவரைத் தடவியபடி நுழைந்தாள்.
நரகம் என்று அதற்குப் பெயர்,
அந்தப் பக்கம் வெளிச்சம்.
வழக்கம்போல் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு
மறுவாசலுக்கு ஓடினேன்.
மணி மூன்று, நாலு, ஐந்து.
பாதியில் திரும்பிவிட்டாளாம்,
போனில் என்னவோ செய்தி,
வெறுங்காலோடு வண்டி ஏறினாளாம்.

தண்ணீர் நின்றது. விளக்கு நின்றது.
டெஃப் மாவு தேடி
இரண்டு நாள் நடக்க வேண்டியிருந்தது.
பூட்ஸ் இரண்டு விரல் பெரிசு.
முனையில் வைக்கோல் திணித்தேன்.
மன்னித்துவிடு என்று
எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது,
கயிறு கட்டுகையில்
பூட்ஸுக்கே சொன்னேன்.

மறித்த பையன்கள் முதலில் பார்த்தது காலை.
யாருடையது?
பார்த்துக்கொள்ளச் சொன்னது, என்றேன்.
ஒருத்தன் சிரித்தான். இன்னொருத்தன்
தன் பிய்ந்த ரப்பர் செருப்பைப் பார்த்தான்.
ஏன் விட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது.

மழைக்குப் பிறகு
யோர்தானோஸ் ஓடையில் கழுவினேன்.
எருசலேம் போக முடியாதவர்களுக்காக
ஒரு ராஜா வைத்த பெயர்,
பாதி வருஷம் தண்ணீரே இருக்காது.
சேறு போயிற்று.
இடது குதிகால் மட்டும்
இப்போது என்னைப்போல் தேய்ந்திருக்கிறது.

போன வாரம் மறுபடி ஒரு வண்டி நிறைய ஆள்கள்.
தொப்பிக்காரர் ஒருவர்
மற்ற ஜோடிகளுக்கு நடுவில் அதை எடுத்துப் பார்த்து
என்ன விலை என்றார்.

விற்பதற்கில்லை, ஐயா.
ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார்.